பாசிப்பாட்டம் முதல் மீன்பாசி ஏலம் வரை: விருதுநகர் – சிவகாசி வட்டாரக் கால்வாய், கண்மாய் மீன்பிடிச் சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டக் கரிசல் ஊர்களில் நன்னீர் மீன்பிடிப்பு, கண்மாயையும் அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயையும் சார்ந்து நிகழ்வது. இத்தொழிலோடு தொடர்புடைய மீன்பெயர்கள், கருவிப் பெயர்கள், உரிமைச் சொற்கள் ஆகிய மூவகைச் சொற்களைச் சங்க இலக்கியம், கல்வெட்டு வழக்கு, இன்றைய பேச்சுவழக்கு ஆகியவற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இச்சொற்கள் வெறும் தொழிற்பெயர்ப் பட்டியல் அல்ல. நீர் செல்லும் வழியும் மீன் செல்லும் வழியும் ஒன்றாக இருந்த ஒரு முறைமையின் பதிவு. மீன் வருவாயும் கால்வாய்ப் பராமரிப்பும் தனித்தனிக் கணக்குகளாகப் பிரிந்ததே இச்சொற்கள் நலிவதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கண்மாய், வரத்துக்கால்வாய், மறுகால், பறி, ஊத்தா, பாசிப்பாட்டம், கரிசல் வழக்கு.

1. முன்னுரை

தமிழிலக்கியத்தில் மீன்பிடித் தொழில் என்றவுடன் நெய்தல் நிலமே நினைவுக்கு வருகிறது. பரதவர், திமில், உப்பங்கழி, சுறவு ஆகியவை குறித்த ஆய்வுகள் பல. மருத நிலத்து நன்னீர் மீன்பிடிப்போ பெரும்பாலும் கயல்விழி, துள்ளும் வாளை என்னும் வருணனை அளவிலேயே பேசப்பட்டு வந்துள்ளது. கடலில்லாத ஒரு கரிசல் வட்டாரத்தில் மீன் எவ்வாறு உணவாகவும் உரிமையாகவும் ஊர் வருவாயாகவும் இருந்தது என்ற வினாவை எழுப்புவோமானால், அதற்கான விடை பெருமளவில் சொற்களுக்குள்ளேயே பொதிந்திருப்பதைக் காணலாம்.

1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான விருதுநகர் மாவட்டமே இவ்வாய்வின் களம். சொற்களின் பரவல் மாவட்ட எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஆதலின் தெற்கே கோவில்பட்டிக் கரிசலும், வடகிழக்கே மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைக் கண்மாய் ஊர்களும் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டுள்ளன.

2. கரிசலும் கண்மாயும்

இம்மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய சில வாரங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. வைப்பாறு, அர்ச்சுனா நதி, கௌசிகா ஆறு, குண்டாறு ஆகியவை ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் அல்ல. பிளவக்கல், வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, குல்லூர்சந்தை, இருக்கங்குடி ஆகிய இடங்களில் அமைந்த நீர்த்தேக்கங்கள் அண்மைக் காலத்தவை. அவற்றிற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இவ்வட்டாரத்தின் நீரைத் தாங்கி நின்றவை கண்மாய்களே.

கண்வாய் என்பதே கண்மாய் எனத் திரிந்தது என்பர். கண் என்பது நீர் வெளியேறும் துளை. வாய் என்பது அதன் திறப்பு. நீரை விடும் உறுப்பின் பெயரே நீர்நிலை முழுமைக்கும் ஆகிவந்தது. பேச்சுவழக்கில் அது கம்மாய், கம்மா என மேலும் குறுகும். தேக்குவதைக் காட்டிலும் திறந்து விடுவதையே முதன்மையாகக் கருதிய மனப்பாங்கு இப்பெயரில் வெளிப்படுகிறது எனலாம்.

இந்நீர்நிலைகளின் தொன்மைக்குச் சாத்தூர்ப் பகுதியின் எருக்கங்குடிக் கல்வெட்டு சான்றாகும். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இருப்பைக்குடி கிழவன் எட்டிச்சாத்தன் இவ்வட்டாரத்தில் ஏரிகள் பல அமைத்த செய்தியை அது பதிவு செய்கிறது. மழை குறைந்த நிலத்தில் நீர்நிலை அமைப்பதே தலைமைக்குரிய அறமாகக் கருதப்பட்டது என்பதை இதனால் அறியலாம்.

3. நீரின் வழியும் மீனின் வழியும்

கண்மாய் தனித்த குளம் அன்று. தொடரில் ஒரு கண்ணி. மேல் கண்மாய் நிறைந்தால் அதன் கலுங்கின் வழியே நீர் வெளியேறும். இதனை மறுகால் பாய்தல் என்பர். அம்மறுகால் நீரே கீழ்க் கண்மாய்க்கு வரத்து. ஓடை, வரத்துக்கால்வாய், உள்வாய், கரை, மடை, வாய்க்கால், வயல், கலுங்கு, மறுகால், மீண்டும் வரத்துக்கால்வாய் என இச்சொற்களை வரிசைப்படுத்தினால், நீர் நடந்து செல்லும் பாதை சொல்லுக்குச் சொல் விளங்கும்.

இதே பாதைதான் மீனின் பாதையும். கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்த கண்மாயில் ஐப்பசி மழைக்குப் பின் மீன் எங்கிருந்து வந்தது என்பது சிற்றூர்ச் சிறுவர் அனைவரும் கேட்கும் வினா. சேற்றில் கிடந்த முட்டை உயிர்பெற்றது என்பது ஊரார் பலர் சொல்லும் விடை. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சேற்றில் தங்குவது முட்டை அன்று, மீனே. விரால், தேளி, பனையேறி ஆகிய மீன்கள் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் துணையுறுப்பும் பெற்றவை. ஆதலால் நீர் வற்றிய பின்னும் ஈரச்சேற்றிலும் எஞ்சிய மடுக்களிலும் அவை உயிர் தாங்கும். ஏனைய மீன்கள் கால்வாயின் வழியே வருகின்றன. மேல் கண்மாயின் மறுகாலோடு இறங்கிவருவன ஒரு வகை. கீழ் மடுக்களிலிருந்து புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறிவருவன மற்றொரு வகை. கெண்டையும் கெளுத்தியும் ஆராவும் புதுநீர் பரவிய ஆழமற்ற இடங்களைத் தேடி முட்டையிட ஏறுவது இப்பருவத்தில்தான்.

கால்வாய் மீன்பிடிப்பு இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் சார்ந்தது. ஏறும் மீனுக்குப் பொறியின் வாய் நீரோட்டத்தின் கீழ்ப்புறம் நோக்கியிருக்க வேண்டும். இறங்கும் மீனுக்கு மேற்புறம் நோக்கியிருக்க வேண்டும். ஓடுநீரில் கருவி வைப்பவர் நீரின் திசையை மட்டுமன்றி, மீனின் நோக்கத்தையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

கால்வாய் அறுபடாமல் இருந்தமைக்கு இலக்கியமும் மறைமுகச் சான்று தருகிறது. இம்மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில் மாதந்தோறும் மும்முறை மழை பெய்த நாட்டைக் காட்டும்போது, ஓங்கி வளர்ந்த நெல்லினூடே கயல் துள்ளுவதைப் பாடுகிறார். உரையாசிரியர்கள் வளத்தின் அடையாளமாக இதனைக் கொள்வர். நீரியல் நோக்கில் அது மற்றொன்றையும் உணர்த்துகிறது. கயல் வயலுக்குத் தானாக வாராது. கண்மாய், மடை, வாய்க்கால், வயல் என்னும் நான்கும் ஒரே நீரால் இணைந்திருக்கும்போதே மீன் பயிருக்குள் புகும். வயலில் துள்ளும் மீன் பழுதுபடாத வாய்க்காலுக்குச் சான்று.

4. மீன்பெயர்கள்: தொடர்ச்சியும் திரிபும்

சங்கப் பாடல்களில் வரும் நன்னீர் மீன்பெயர்களுள் பல சிறு திரிபுகளோடு இன்றும் வழங்குகின்றன.

அயிரை வடிவம் மாறாதது. குறுந்தொகை 178ஆம் பாடலில் அயிரை பரவிய பொய்கையில் ஆம்பல் பறிக்கும் மகளிர், நீருக்குள் நின்றுகொண்டே நீர்வேட்கை கொள்வதாக ஓர் உவமை வருகிறது. தென்மாவட்டங்களில் அயிரைக் குழம்பு இன்றளவும் தனிச்சிறப்புடைய உணவு. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒலியும் பொருளும் மாறாமல் நிலைத்த சொல் இது.

வரால் என்பது விரால் ஆயிற்று. கெடிறு என்பதனை உரையாசிரியர்கள் கெளிற்று மீன் என விளக்குவர். அக்கெளிறே இன்றைய கெளுத்திக்கு அடி. ஆரல் என்பது ஆரா, ஆரால் என வழங்குகிறது. கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலில், தலைவனும் தலைவியும் கூடிய இடத்திற்கு ஒரே சான்றாக நின்றது ஆரலைப் பார்த்திருந்த குருகு. அக்குருகு நின்றது நிலைநீரில் அன்று, ஓடும் நீரில் என்பது கருதத்தக்கது. ஆரல் ஓடுகால்களின் மணலிலும் சேற்றிலும் ஒளிந்து வாழும் மீன். அதன் வாழிடத்தைப் புலவர் துல்லியமாக அறிந்திருந்தார்.

சில பெயர்கள் மீனின் இயல்பிலிருந்தே பிறந்தவை. தேள்போல் கொட்டும் முள்ளுடையது தேளி. பனையேறி என்னும் பெயருக்குத் தனி வரலாறு உண்டு. தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் டேனிய அலுவலர், பனைமரத்தின் வெடிப்பொன்றில் இம்மீனைப் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. மீன் மரமேறும் என்பதைப் பிற்கால உயிரியலார் ஐயுற்றனர். பறவை கவ்விச் சென்று விட்டிருக்கலாம் என்றும் விளக்கினர். ஆயினும் அது நீரைவிட்டு ஈரத்தரையில் நகர்ந்து செல்வது மெய். மழைநாளில் கால்வாய்க் கரையில் மீன் நடப்பதைக் கண்டவர்க்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றியிருக்கும்.

புதிய மீன்களின் பெயர்கள் வேறுவகையாக அமைந்துள்ளன. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, மக்கள் நாவில் ஜிலேபி, ஜிலேபிக் கெண்டை எனத் திரிந்தது. அறியாத அயற்சொல்லை அறிந்த இனிப்பின் பெயரால் பொருளுடையதாக்கிக் கொண்ட நாட்டார் சொற்பிறப்பு இது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கங்கைச் சமவெளிக் கெண்டைகளோ தம் வடபுலப் பெயர்களோடு வந்து, அவ்வாறே வழங்குகின்றன. மீன்சந்தையில் இப்பெயர்கள் இன்று முன்னிற்கின்றன. அயிரையும் ஆராவும் அரிதாகக் கேட்கப்படுகின்றன.

5. கருவிப் பெயர்களும் வினைகளும்

கருவிகளைப் பொறுத்தவரை நமக்குக் கிடைக்கும் விரிவான பழஞ்சான்று பெரும்பாணாற்றுப்படை. கோடை நீடித்தாலும் நீர் குறையாத ஆழ்ந்த குளத்தின் கரையைக் காத்திருக்கும் வலைஞர் குடியிருப்பையும், முற்றத்தில் பறி கிடக்கும் அவர்தம் மனைகளையும் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். அதனையடுத்து, நீண்ட மூங்கிற்கோலில் கயிறு கட்டி வளைந்த இரும்புமுள்ளில் இரை பொதிந்து தூண்டிலிடும் பாண்மகன் வருகிறான். இரையைக் கவ்வித் தப்பிய வாளை, நீரருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் தூண்டிற்கோலோ என அஞ்சுகிறது. ஒருமுறை முள்ளில் பட்ட மீனின் அச்சத்தைப் புலவர் இவ்வாறு பதிவு செய்தமை, தூண்டில் தொழிலை அருகிருந்து கண்ட அறிவாகும்.

அன்றைய தூண்டிலின் உறுப்புகளும் இன்றைய கரிசல் தூண்டிலின் உறுப்புகளும் ஒப்பிடத்தக்கவை. மூங்கிற்கோல் இன்றும் உண்டு. கயிற்றின் இடத்தில் நைலான் இழை வந்துள்ளது. தென்மாவட்டங்களில் இதனைத் தங்கூசி, நரம்பு என்பர். முள், இரை என்னும் சொற்கள் மாறவில்லை. மீன் கடிப்பதை உணர்த்தும் மிதவை தக்கை எனப்படும்.

பறி என்னும் சொல் தனிக்கவனம் பெற வேண்டியது. இன்றைய செய்தித்தாள்கள் கண்மாய் மீன்பிடி விழாக்களைப் பற்றி எழுதும்போது வலை, கச்சா, ஊத்தா, தூரி என்பவற்றோடு பரி என்றொரு கருவியையும் குறிப்பிடுகின்றன. ரகர, றகர வேறுபாடு பேச்சில் மங்கியதால் விளைந்த எழுத்துப்பிழை இது. குதிரையைக் குறிக்கும் பரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சங்க இலக்கியத்துப் பறியே இது. இத்தகைய சொற்களை ஒலித்தவாறே எழுதி அகராதியில் சேர்த்துவிட்டால், இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி ஓர் எழுத்தால் அறுபட்டுவிடும். வட்டார அகராதியாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது.

ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த கூம்பு வடிவக் கூடை. முழங்கால், இடுப்பளவு நீரில் நடந்தவாறே அதனைச் சேற்றில் அழுத்தி, உள்ளே அகப்பட்ட மீனை மேல்வாய் வழியே கையால் எடுப்பர். தூரி ஓடுநீரில் வைக்கப்படும் கூடைப்பொறி. ஊத்தா வற்றும் நீருக்கு உரியது. தூரியும் பறியும் ஓடும் நீருக்கு உரியவை. தூண்டில் நிலைநீருக்கு உரியது. எனவே எக்கருவி கையில் உள்ளது என்பதைக் கொண்டே அது எந்த மாதம் என்று சொல்லிவிடலாம்.

கருவிக்கு ஏற்ற வினைகளும் வேறுபடுகின்றன. தூண்டில் போடுவர், வலை வீசுவர், விரிப்பர், பறி வைப்பர், ஊத்தா குத்துவர், குட்டையை இறைத்துப் பிடிப்பர். இவ்வினைகள் ஒவ்வொன்றும் ஒரு தெரிவை உள்ளடக்கியவை. வலையின் கண்ணளவு சிறுமீனைத் தப்பவிடும். முள்ளின் அளவு வாயின் அளவைத் தெரியும். ஊத்தா ஒரு நேரத்தில் ஒரு மீனையே தேடும். இவ்வினைகளோடு சேராத ஒரு வினையைக் குறித்துப் பின்னர்க் காண்போம்.

6. பண்டமாற்றும் பருவமும்

ஐங்குறுநூற்றுப் புலவிப் பத்தில் நன்னீர் மீன் வணிகம் பற்றிய குறிப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. 47ஆம் பாடலில் பாண்மகள் கெடிற்று மீனைச் சொரிந்த வட்டியில் இல்லத்தலைவி பயறு நிறைக்கிறாள். 48ஆம் பாடலில் வராலுக்கு ஈடாக ஓராண்டு பழமையான வெண்ணெல் தரப்படுகிறது. 49ஆம் பாடல் சிலவாகிய மீனுக்குப் பலவாகிய நெல் பெறுவதைச் சொல்கிறது.

இப்பாடல்கள் பரத்தையிற்பிரிவை உணர்த்தும் உள்ளுறைக்காகவே பயில்வன என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றின் புறப்பொருளும் கருதத்தக்கது. 47ஆம் பாடலில் வரும் பயறு, நெல் அரிந்த தாளிடையே விளைந்தது. எனவே அம்மாற்று நெல்லறுவடைக்குப் பிந்தியது. அறுவடைக்குப் பின், வயலுக்கு நீர் விட்டுவிட்ட குளத்தில் நீர்மட்டம் தாழும். மீன் எளிதில் அகப்படும். நெல் முடிந்த நிலத்தில் பயறும், நீர் குறைந்த குளத்தில் மீனும் ஒரே காலத்து விளைவுகள். தை, மாசிக்குப் பிறகு கண்மாய் மீன் மிகுதியாகக் கிடைக்கும் இன்றைய நடைமுறையோடு இது முற்றும் பொருந்துகிறது. வரால் நெல்லுக்கும் கெடிறு பயறுக்கும் ஈடாவது, மீன்வகைக்கேற்ப மதிப்பு வேறுபட்டதையும் காட்டலாம்.

7. பாசி: ஓர் உரிமைச் சொல்லின் வரலாறு

கண்மாய் மீன் யாருக்கு உரியது என்ற வினாவிற்கு விடையாக நிற்பது பாசி என்னும் சொல். இடைக்காலக் கல்வெட்டுகளின் வரிப்பெயர்களுள் பாசிப்பாட்டம் என்பது ஒன்று. பாட்டம் என்பது வரி அல்லது குத்தகைத் தொகை. நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்டதே பாசிப்பாட்டம் என அறிஞர் விளக்குவர். பாசி என்பது நீரில் தானாக விளையும் பச்சை. விதைக்காமல், உழாமல், நீரிருப்பதாலேயே விளையும் எதற்கும் அது பெயராகி, மீன்வளத்தைக் குறிப்பதாயிற்று எனக் கொள்ளலாம்.

இச்சொல் இன்றும் வழக்கிறந்துவிடவில்லை. கண்மாயின் மீன்பிடி உரிமையை ஏலம் விடும் அறிவிப்புகளில் மீன்பாசி ஏலம், மீன்பாசி குத்தகை என்னும் தொடர்கள் இடம்பெறுகின்றன. ஏலத்தில் கலந்துகொள்பவர்க்கும் நடத்துபவர்க்கும் அச்சொல்லில் பாசி ஏன் வருகிறது என்பது தெரியாமல் இருக்கலாம். ஆயினும் கல்வெட்டுச் சொல் அலுவலகத் தாளில் உயிர்வாழ்கிறது. ஏலம் என்பது போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த சொல். ஆக, மீன்பாசி ஏலம் என்னும் ஒரே தொடரில் சங்கச் சொல்லும் இடைக்காலக் கல்வெட்டுச் சொல்லும் ஐரோப்பியர் வருகைக்குப் பிந்திய சொல்லும் அடுக்காக அமைந்துள்ளன.

சொல் தொடர்ந்தது, அது சுட்டிய முறைமை தொடரவில்லை. ஏரி வருவாயை ஏரியின் பராமரிப்பிற்கே ஒதுக்கும் வழக்கம் இடைக்காலத்தில் இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரிவாரியம் போன்ற அமைப்புகள் தூரெடுத்தலையும் கரை பேணுதலையும் தம் கடமையாகக் கொண்டவை. மீன் தந்த பொருள் அம்மீன் வந்த வழியைத் தூய்மை செய்தது. பிற்காலத்தில் ஊரார் தம் உழைப்பால் கண்மாயைப் பேணிய முறை குடிமராமத்து எனப்பட்டது. அதனைக் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே அது அப்போது தளர்ந்துவிட்டதைக் காட்டுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின் கண்மாய்கள் அரசின் பொறுப்பாயின. 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும், பெரியவை பொதுப்பணித் துறைக்கும் உரியவாயின. ஏலத்தொகை ஒரு கணக்கிலும், தூரெடுப்புச் செலவு வேறொரு கணக்கிலும் சேர்ந்தன.

8. வழி மாறிய மீன்

இப்பிரிவினையை முழுமையாக்கியது மீன்வளர்ப்பில் நிகழ்ந்த ஒரு மாற்றம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஓடும் ஆற்றில் இனம்பெருக்குவன. தேங்கிய கண்மாயில் இயல்பாக முட்டையிடுவதில்லை. 1957இல் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி இக்கெண்டைகளை முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டார். அதன் பயனாக மீன்குஞ்சுகள் பெருமளவில் கிடைக்கலாயின. கண்மாய்தோறும் குஞ்சு விட்டு வளர்க்கும் முறை பரவியது.

இதனால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. விலை மலிந்த புரதம் ஏழை எளியோர்க்குக் கிடைத்தது. ஊராட்சிக்கு வருவாய் கிடைத்தது. ஆனால் இம்மீன் கால்வாயின் வழியே வருவதில்லை. ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில், வண்டியில் வருகிறது. ஆண்டுதோறும் வாங்கி விடப்படும் மீனுக்கு வரத்துக்கால்வாய் மீன்வழியாகத் தேவைப்படுவதில்லை. கண்மாயில் நீர் நின்றால் போதும். குத்தகைக்காரரின் நலன் கண்மாயின் கரைக்குள் அடங்கிவிட்டது. பிடிப்பதற்காக நீரை முன்கூட்டியே வெளியேற்றுகிறார் என்று உழவரும், பாசனத்திற்காக மீன் வளருமுன் நீர் விடப்படுகிறது என்று குத்தகைக்காரரும் குறைகூறும் பூசல்கள் கண்மாய் ஊர்களில் புதியவை அல்ல.

பழைய நாட்டு மீன் இதற்கு நேர்மாறானது. அயிரைக்கும் ஆராவுக்கும் கெளுத்திக்கும் தொடரான நீர்வழி வேண்டும். கால்வாய் சீமைக்கருவேலம் மண்டித் தூர்ந்தால், பயிர் காய்வதற்கு முன்னரே மீன் வாராது நின்றுவிடும். எனவே நாட்டு மீனின் வருகை கால்வாயின் நலத்தை ஆண்டுதோறும் ஊருக்கு அறிவித்த அளவுகோல். அவ்வளவுகோல் வண்டியில் வரும் குஞ்சுகளால் பயனற்றதாயிற்று. கால்வாய் அறுபட்டாலும் கண்மாயில் மீன் இருக்கும். ஆதலால் குறை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அப்பெயர் மீண்டது போலவே, மீன் வருவாயையும் வரத்துக்கால்வாயையும் ஒரே கணக்கில் வைக்கும் முறையும் மீளுமாயின் பயன் முழுமை பெறும்.

பொது உரிமையின் எச்சம் ஒன்று மட்டும் விழா வடிவில் தொடர்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டக் கண்மாய் ஊர்களில் கோடையில் நீர் வற்றும் காலத்து மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. வழிபாட்டிற்குப் பின் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருந்த அனைவரும் ஊத்தாவும் கச்சாவும் பறியுமாக ஒரே நேரத்தில் இறங்குவர். அண்டை ஊராரும் வருவர். பிடித்த மீனைச் சமைத்து உண்பதே வழக்கம். எஞ்சியதைக் கொக்கும் சேறும் கொள்வதற்கு முன் ஊர் பகிர்ந்துகொள்ளும் இம்முறையில், ஏலத்திற்கு உட்படாத உரிமை ஒரு நாளேனும் நிலைபெறுகிறது.

9. மழையும் வெடியும்

சிவகாசி வட்டாரத்தில் இம்மாற்றத்திற்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. மழை குறைந்த உலர்ந்த தட்பவெப்பம் இவ்விரு தொழில்களுக்கும் ஏற்றதாயிற்று. வேளாண்மைக்குக் குறையாக இருந்த வறட்சி ஆலைக்கு வாய்ப்பாயிற்று. பட்டாசு உலர்த்தும் களத்திற்கு மழை இடையூறு. கண்மாய்க்கு அதுவே உயிர். தீபாவளியை ஒட்டி ஆலைகள் விடுமுறை விடும் நாட்களும், புதுவெள்ளத்தில் மீன் ஏறும் நாட்களும் பெரும்பாலும் ஒரே காலத்தவை. ஆலை வேலைக்குச் சென்ற தலைமுறைக்கு மீன்பிடிப்பு பருவத்தொழில் என்னும் நிலையிலிருந்து விடுமுறைப் பொழுதுபோக்கு என்னும் நிலைக்கு மாறியது. அதனோடு தூண்டிற்சொற்கள் எஞ்சின. பறி, தூரி ஆகிய கால்வாய்ச் சொற்கள் பின்தங்கின.

மேலே சுட்டிய சேராத வினை இங்கு நினைக்கத்தக்கது. அது வெடி போடுதல், தோட்டா போடுதல் என்பது. நீரில் வெடிபொருளிட்டு மீன் கொல்வதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதையும் அது தடுத்தது. தமிழக நீர்நிலைகளுக்கு இது பழைய கேடு. போடுதல், வீசுதல், வைத்தல், குத்துதல் ஆகிய வினைகளுக்கு மீனைத் தெரியும் ஆற்றல் உண்டு என்றோம். வெடிக்கு அத்தெரிவு இல்லை. தாய்மீனையும் சிவந்த குஞ்சுக்கூட்டத்தையும் அது வேறுபடுத்தாது. குஞ்சுகளைக் காத்து நிற்கும் விராலுக்கு ஒரு வெடியில் அடுத்த ஆண்டும் அழிகிறது.

10. சொல் தொகுப்பார்க்கு

கி. ராஜநாராயணன் தொகுத்த வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்து, கரிசல் சொற்களுக்கு அகராதி மதிப்பை அளித்தது. உருளைக்குடிக் கண்மாயை மையமாகக் கொண்டு சோ. தருமன் எழுதிய சூல் நாவல், 2019ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நீரையும் மீனையும் சுமந்த கண்மாயைக் கருவுற்ற தாயாகக் காட்டும் அத்தலைப்பு, இவ்வட்டார மக்களின் நீர்நிலை நோக்கைச் சுருங்கச் சொல்வது. இவ்விரு முன்னோடிகளையும் அடியொற்றி மீன்பிடிச் சொற்களைத் தனித்துத் தொகுக்கும் பணி எஞ்சியுள்ளது.

அத்தொகுப்பில் சொல்லுக்குப் பொருள் மட்டும் தருவது போதாது. அச்சொல் எந்த நீர்நிலைமைக்கு உரியது என்பதும் குறிக்கப்படுதல் வேண்டும். மாதிரிப் பதிவுகள் சில:

பறி – கூடைப்பொறி, ஓடுநீர், வரத்துக்கால்வாய், மறுகால், ஐப்பசி முதல் மார்கழி வரை. பரி என எழுதுதல் பிழை.

தூண்டில் – கோல், தங்கூசி, தக்கை, முள், இரை என்னும் உறுப்புகள் உடையது, நிலைநீர், கண்மாய் உள்வாய், மடையடி.

ஊத்தா – இருபுறமும் திறந்த கூம்புக்கூடை, வற்றுநீர், கண்மாய்ப் பள்ளம், பங்குனி முதல் வைகாசி வரை. வினை: குத்துதல்.

இறைத்தல் – எஞ்சிய குட்டையின் நீரை வெளியேற்றிப் பிடித்தல், சேறு, கோடையின் இறுதி.

மீன்பாசி – கண்மாயின் மீன்பிடி உரிமை. ஒப்பிடுக: கல்வெட்டு வழக்குப் பாசிப்பாட்டம்.

இவ்வாறு தொகுக்கப்படும் அகராதி, வழக்கொழிந்த கால்வாய்களின் வரைபடமாகவும் பயன்படும். ஓர் ஊரில் பறி என்னும் சொல் முதியோரிடம் மட்டும் எஞ்சியிருந்தால், அவ்வூர்க் கால்வாயில் நீரோட்டம் எத்தலைமுறையில் நின்றது என்பதை ஏறத்தாழக் கணிக்க இயலும்.

11. முடிவுரை

விருதுநகர் – சிவகாசி வட்டார மீன்பிடிச் சொற்கள் மூன்று உண்மைகளை உணர்த்துகின்றன. முதலாவது, அயிரை, விரால், கெளுத்தி, ஆரா, பறி, தூண்டில் ஆகியவை சங்க வழக்கோடு நேர்த்தொடர்பு உடையவை. இரண்டாவது, கருவிப் பெயரும் அதற்குரிய வினையும் நீரின் நிலையையும் பருவத்தையும் சுட்டுவன. மூன்றாவது, பாசி என்னும் உரிமைச் சொல் நிலைத்தபோதும், மீன் வருவாயால் நீர்வழியைப் பேணிய முறைமை நிலைக்கவில்லை.

கால்வாய் தூர்ந்த ஊரில் பறிக்கு வேலையில்லை; வேலையில்லாத கருவிக்குப் பெயர் நெடுநாள் நில்லாது. ஆதலின் இச்சொற்களைக் காத்தல் என்பது அகராதியில் ஏற்றுவதோடு முடிவதன்று. மீன்பாசி ஏலத்தின் தொகையில் ஒரு பகுதியேனும் அக்கண்மாயின் வரத்துக்கால்வாயைத் தூரெடுக்கச் செலவிடப்படுமாயின், பாசிப்பாட்டம் என்னும் பழஞ்சொல் தன் முழுப்பொருளை மீண்டும் பெறும். அடுத்த ஐப்பசியில் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறும் ஆராவே அதற்குச் சான்றாகும்.